வெள்ளை வந்தால் போகலாம்

என் வீட்டுக்காரர் ஒன்றும் கெட்டவரில்லை. குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. ஆனால் அவரோடு குடித்தனம் செய்து எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. எல்லாம் அந்தப் பாழாய்ப்போன பூவால்.

எங்கள் பக்கத்தில் பெண் கேட்கப் போகும் முன், கிணறு வெட்டும் முன், சாமியிடம் பூ கேட்பார்கள். வெள்ளரளி ஒன்று, செவ்வரளி ஒன்று. இரண்டையும் பூவரசிலையில் தனித்தனியாக மடித்துக் குலுக்கிப் போட்டு, சின்னப் பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. வருஷத்துக்கு ஒருமுறை கேட்டால் யார் என்ன சொல்லப் போகிறார்கள்? இவர் தினமும் கேட்பார். எருமையை மாற்றலாமா, கடலையை இன்றைக்குப் பிடுங்கலாமா, முடி வெட்டிக்கொள்ளலாமா. ஒருமுறை உப்பு வாங்க ஆட்டையாம்பட்டிக்குக் கிளம்பினவர், சிவப்பு வந்துவிட்டதென்று சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்துக்கொண்டார். அன்று வீடே உப்பில்லாமல் சாப்பிட்டது.

பொட்டலம் எடுப்பது எங்கள் மகள். ஒரே பெண், ஆறு வயது.

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. சூரமங்கலத்தில் ரயில்வே வீட்டில் இருந்த என் தங்கையிடமிருந்து ஒரு கார்டு வந்தது. தலைப்பிரசவம், நாள் நெருங்கிவிட்டது, நமக்கோ அம்மா இல்லை, நீதான் வர வேண்டும் என்று எழுதியிருந்தாள். படித்துக் காட்டியதும் இவர் நேராக அரளிச் செடிக்குப் போனார். சிவப்பு வந்தது. மறுநாளும் கேட்டார், சிவப்பு. மூன்றாம் நாள் கேட்கவே பயந்துகொண்டு, அமாவாசை போகட்டும், பார்க்கலாம் என்றார். அதற்குள் அவளுக்கு வலி கண்டால் யார் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று கேட்டேன். மேலே கையைக் காட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தச் செடியை வேரோடு பிடுங்கியிருப்பேன்.

ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். அத்தோடு நின்றிருந்தால் நான் கிளம்பியிருக்க மாட்டேன். அழுது புலம்பிவிட்டு அடுப்படிக்குத்தான் போயிருப்பேன். கல்யாணமாகி எட்டு வருஷமும் அப்படித்தான் ஓடியது. அன்று சாயங்காலம் களி கிண்டிக்கொண்டே மகளிடம், தொட்டுக்கொள்ளக் கீரை வேண்டுமா, மோர் ஊற்றட்டுமா என்று கேட்டேன். அவள் வெளியே ஓடினாள். திரும்பி வந்தபோது கையில் இரண்டு அரளிப்பூ.

"நீ எடும்மா. வெள்ளை வந்தா மோரு."

துடுப்பை அப்படியே கீழே போட்டேன். தனக்கு மோர் பிடிக்குமா பிடிக்காதா என்பதுகூட இந்தப் பிள்ளைக்குத் தெரியாமல் போய்விட்டதே! அவர்தான் அப்படி, தொலையட்டும். இவளுமா?

விடிந்ததும் மாற்றுப் புடவை இரண்டை மூட்டை கட்டினேன். வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றேன்.

"ஏனுங்க, நான் தங்கச்சி ஊட்டுக்குப் போறனுங்க. பாப்பாவையும் கூட்டிட்டுப் போறேன்."

"செவப்பு வந்திருக்குது."

"வந்தா வந்துட்டுப் போகுதுங்க. போறது நானுங்க."

தடுப்பார் என்று நினைத்தேன். தடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யக்கூட அந்த மனுஷனால் ஆகவில்லை. வேப்பங்குச்சியைக் கடித்துக்கொண்டு நின்றது நின்றபடி நின்றார்.

ஊரைத் தாண்டினால் பஸ்ஸுக்கு இரண்டு வழி. ரோட்டு வழி கிட்டம், ஏரிக்கரை சுற்று. எந்தப் பக்கம் போகலாம், நீயே சொல்லு சாமி என்றேன் மகளிடம். அவள் செடி தேடினாள். பூவெல்லாம் கிடையாது, வாயால் சொல்லு என்று அதட்டினேன். வெகுநேரம் நின்றுவிட்டு, அழுகிற முகத்தோடு ஏரிப் பக்கம் கை காட்டினாள். போனோம். சேற்றில் கால் புதைய நடந்து கரையேறுவதற்குள், பெட்ரோல் பஞ்சத்தில் கரியைப் போட்டு ஓட்டிய காலைப் பஸ் புகை கக்கிக்கொண்டு எங்கள் கண்ணெதிரே போய்விட்டது. வாய்வரை திட்டு வந்தது எனக்கு. அவளோ, கொக்குப் பார்த்தேன், எனக்கு இந்த வழிதான் பிடித்தது என்றாள். திட்டை விழுங்கிக்கொண்டு மத்தியானப் பஸ் வரும்வரை புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாளே தங்கைக்கு வலி கண்டுவிட்டது. அமாவாசைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. அவள் என் கையை இறுக்கிய இறுக்கில் வளையல் இரண்டு உடைந்தது. ஆண் குழந்தை.

பத்தாம் நாள் இவர் வந்து நின்றார். வெள்ளை வந்ததா என்று கேட்டேன். எடுக்கத்தான் பாப்பா இல்லையே, அதனால் வந்துவிட்டேன் என்றார். தலையில் அடித்துக்கொண்டேன். குழந்தையைப் பார்த்தார், சாப்பிட்டார். பிறகு மடியிலிருந்து வாடிப்போன இரண்டு பூவரசிலைப் பொட்டலங்களை எடுத்து மகள் முன்னால் நீட்டினார். எங்களை இன்றைக்கே கூட்டிப் போகலாமா கூடாதா என்று பார்க்க வேண்டுமாம்.

மகள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"உங்களுக்கு எப்பப் போவோணுங்கப்பா? வாயால சொல்லுங்க."

அவரை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. எட்டு வருஷமாகப் பூவைத் திட்டிய நானும் ஒருநாள் கேட்டதில்லை. பொட்டலங்களைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தவர், கடைசியில் சொன்னார்.

"ரெண்டு நாள் இங்கயே இருக்கோணும்னு இருக்குது, சாமி."

இதைச் சொல்வதற்கா இத்தனை வருஷம்! எரிச்சலோடு எழுந்து போய் உலையில் இன்னும் அரைப்படி அரிசி போட்டேன்.