கீழ்ப்பக்கத்துக்காரர்

இரண்டாவது அவித்த முட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து லாரியின் பக்கப்பலகையில் ஒரே தட்டு. ஓடு முழுசாகக் கழன்று கையோடு வருகிறது. பத்து மாதப் பழக்கம். வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவது தொழில். கூட்டாளிகள் வைத்த பெயர் முட்டைக்காரர்.

கூடவே வேலை செய்யும் மச்சினன் ரொட்டியைப் பிரித்தால் இவர் சும்மா விடமாட்டார். "தின்னு மாப்ள, தின்னு. ரொட்டியா அது? சர்க்கரைக்கு வெள்ளைச் சட்ட மாட்டி அனுப்பிருக்கான்!" குரல் மூக்கு வழியாகக் கிளம்பி, முடிவில் படியேறும். 'மாவுச்சத்து' என்ற சொல்லைச் சண்டை போட்டுப் பிரிந்த சொந்தக்காரன் பெயர் மாதிரி உச்சரிப்பார்.

காரணம் இருக்கிறது. போன வருடம் முழங்காலில் அடிபட்டு, தூக்குவதை விட்டு வண்டி மட்டும் ஓட்டினார். உட்கார்ந்த இடத்தில் எடையும் சர்க்கரையும் போட்டி போட்டு ஏறின. ரொட்டி, கிழங்கு, இனிப்பைக் குறைக்கச் சொன்னார் டாக்டரம்மா. இவர் குறைக்கவில்லை, அடியோடு நிறுத்தினார். பதினாலு கிலோ போயிற்று. பெல்ட்டில் ஆணியால் மூன்று ஓட்டை புதிதாகப் போட்டு, கேட்காதவர்களுக்கும் காட்டினார்.

கால் சரியாகி மறுபடி தூக்க வந்தபோதுதான் வம்பு. பீரோவை மாடியேற்றும்போது கனமெல்லாம் கீழே நிற்கிறவன் தலையில்தான். இருபது வருடமாக அந்தக் கீழ்ப்பக்கம் இவருடையது. போன மாதம், மூன்றாவது மாடித் திருப்பத்தில் தொடை வெடவெடத்து, கண் இருட்டி, அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"மாமா, நீங்க மேல வாங்க. இனிமே கீழ நான் பாத்துக்கறேன்" என்றான் மச்சினன். அன்பாகத்தான் சொன்னான். அதுதான் பொறுக்கவில்லை.

மனைவி டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"அது உக்காந்திருந்த ஆளுக்குச் சொன்னதுங்க. சர்க்கரை எறங்கிடுச்சு, இப்ப பீரோ வேற தூக்கறீங்க. கனமான வேலைக்கு முன்னாடி ஒரு கிழங்கு சாப்பிடுங்க. சும்மா இருக்கற நாளுக்குப் பழைய மாதிரியே."

"அப்ப பத்து மாசம் வாயக் கட்டினது?"

"அதனாலதான் இப்ப கிழங்குக்கு எடம் கெடச்சிருக்கு" என்றாள் மனைவி.

இன்று நான்காவது மாடி. முட்டையை முடித்துவிட்டு, மச்சினனுக்கு முதுகைக் காட்டியபடி டப்பாவைத் திறக்கிறார். அவித்த உருளைக்கிழங்கு.

"அது எந்தக் கோழி மாமா, மண்ணுக்குள்ள முட்ட போடுது?"

"வாய மூடிக்கிட்டு மேல போய் நில்லு. கீழ்ப்பக்கம் எனக்கு."

அரை மணி கழித்து பீரோ ஏறுகிறது. ஒன்று. இரண்டு. மூன்றாவது திருப்பத்தில் மச்சினன் மேலிருந்து எட்டிப் பார்க்கிறான். "மாமா, இருக்கீங்களா?"

"இருக்கேன்டா! நீ நகரு. அங்க என்ன தூக்கமா?"

நான்காவது மாடி அறையில் பீரோ சுவரோடு ஒட்டி நின்றதும், வீட்டுக்கார அம்மா தட்டு நிறைய பிஸ்கட் நீட்டுகிறார். முட்டைக்காரர் முகமெல்லாம் பல்லாக ஒன்றை எடுத்து வாய்வரை கொண்டுபோகிறார். சட்டென்று நிறுத்துகிறார்.

"மாப்ள, அடுத்தது எத்தனாவது மாடி?"

"தரைதான் மாமா. ரெண்டே ரெண்டு நாற்காலி."

பிஸ்கட்டை வந்த வழியே தட்டுக்குக் கொண்டுபோய், மற்றதோடு விளிம்பு சேர்த்து, சுண்டுவிரலால் ஒரு தள்ளு தள்ளி, நேராக நிறுத்துகிறார்.