முதல் வளைவில் சூடம்

போடிமெட்டில் ஜீப்பு நிற்கிறது. சூட வாசம் வருகிறது. மலை இறங்குமுன் டிரைவர் சாமி கும்பிட்டு, எல்லோருக்கும் திருநீறு பூசுவது வழக்கம்.

நானும் அம்மாவும் ஞானஸ்நானம் பெற்ற வாரம், சிறுமியான நான் பக்கத்து வீட்டு அக்காவோடு இங்கே வந்தேன். டிரைவர் விரலை நீட்டியதும் தலையை விலக்கினேன்.

"வெரசா பூசிக்க ஆத்தா. ஜீப்பு உருண்டா ஒன்னாலதான்," என்றாள் அக்கா.

கீழே பள்ளம் தெரிந்தது. "நான் இயேசப்பா பிள்ளை," என்றேன். அம்மா துணையில்லாமல் அதைச் சொன்னது அன்றுதான் முதல்முறை.

டிரைவர் சிரித்தார். "அப்ப பிரேக்குக்கு அவருகிட்டயும் சொல்லி வையி."

ஒவ்வொரு வளைவிலும் நடுங்கினேன். வண்டி உருண்டால் எல்லோரும் இயேசப்பாவைத் திட்டுவார்களே!

இப்போது இளம் டிரைவரின் திருநீற்றுத் தட்டு என்னிடம் வருகிறது.

"வேணாம் தம்பி, நான் வேதக்காரி," என்கிறேன். பிறகு கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, பிரேக்குக்காக ஜெபிக்கத் தொடங்குகிறேன்.