எட்டாம் நம்பரோடு போன செருப்பு

மகளின் முட்டியில் கட்டை அவிழ்த்து, பஞ்சில் மருந்தை நனைக்கும்போதெல்லாம் எனக்கு டீசல் வாசனை அடிக்கிறது. மருந்துக்கும் டீசலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் அவள் ரோட்டில் விழுந்து கிடந்தபோது முகத்துக்கு நேரே புகையைக் கக்கிவிட்டுத்தான் அந்த வண்டி போனது. ஒன்பது நாள் ஆகிறது. ஏழு தையல். பின்சக்கரம் அவள் காலுக்கு ஒரு சாண் தள்ளிப் போனது என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டுவிட்டேன். ஒரு சாண் என்றால் எவ்வளவு என்று கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வாசலில் அவளுடைய இடது கால் செருப்பு மட்டும் கிடக்கிறது. வலது கால் செருப்பு வண்டிப் படியிலேயே தங்கி, காஞ்சிபுரம் போய்விட்டது.

உத்திரமேரூரில் கிளம்பி, பெருநகர் வழியாகக் காஞ்சிபுரம் போய்த் திரும்பும் டவுன் பஸ், எங்கள் எட்டாம் நம்பர். எத்தனை காலமாக ஓடுகிறது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. என் அம்மா மாலையும் கழுத்துமாக இந்த ஊருக்கு வந்து இறங்கியது அதில்தான். நான் உள்ளூரிலேயே அத்தை மகனைக் கட்டிக்கொண்டேன். அதில் கிடைத்த ஒரே லாபம், பஸ் நம்பர் மாறவில்லை.

உத்திரமேரூர் பள்ளிக்கு ஆறு வருஷம் அதில்தான் போய் வந்தேன். அந்த நாளில் அதற்கு ஒரே கண்டக்டர். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருப்பார் என்பதால் எல்லோருக்கும் கண்ணாடிக்காரர். வாய் கொஞ்சமும் சரியில்லை. படியில் நின்றால் விசிலால் தலையில் தட்டுவார். ஆனால் சாயங்கால வண்டியில் நான் டிபன் பாக்ஸை மறந்துவிட்டு இறங்கினால், அது காஞ்சிபுரம் வரை தனியாகப் போய்விட்டு, திரும்பும் ட்ரிப்பில் எங்கள் நிறுத்தத்தில் வந்து இறங்கிவிடும். நிறுத்தத்தில் யார் நின்றாலும் ஜன்னல் வழியாக நீட்டுவார். "அந்த ரெட்டசடப் பொண்ணு வூட்ல குடுத்துடுங்க. நாளைக்கு அவ தலய மறந்து வெச்சிட்டுப் போவா, அதையும் நான்தான் தூக்கிக்கினு வரணும்." குடை, மாத்திரை, தையல்காரரிடம் கொடுத்த ரவிக்கை என்று அந்த வண்டியில் போன எதுவும் திரும்பி வந்துவிடும். அப்படித்தான் உலகம் என்று நினைத்து வளர்ந்தேன்.

அப்படி நினைத்துக் கற்றுக்கொண்ட இன்னொரு விஷயம், ஓடுவது. எங்கள் வீட்டிலிருந்து நிறுத்தத்துக்கு வரப்பு வழியாக வர வேண்டும். பாதி வரப்பில் இருக்கும்போதே வண்டி வந்துவிடும். நான் ஓடுவேன். ஓடி வருவது தெரிந்தால் கண்ணாடிக்காரர் ஒற்றை விசில் கொடுத்து நிறுத்தி வைப்பார். "மெதுவா வா. வண்டி எங்க ஓடிப்போவுது? விழுந்து வெச்சேன்னா உன் நைனா வந்து என் சட்டயத்தான் புடிப்பாரு." ஓடினால் நிற்பார்கள் என்பது என் காலில் ஊறிவிட்டது. அந்தக் காலை வைத்துத்தான் மகளைக் கீழே தள்ளினேன் என்று சொல்ல வேண்டும்.

பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது என்று வந்தபோது எங்கள் நிறுத்தத்தில் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். இன்றைக்கும் அதை நான் குறை சொல்ல மாட்டேன். என் மகள் காலேஜ் போவதே அதனால்தான். ஆனால் பெண்கள் மட்டும் நிற்கிற நிறுத்தத்தில் வண்டிக்கு ஏதோ நோய் வந்துவிடுகிறது. சில நாள் நிற்காது. சில நாள் ஐம்பது அடி தள்ளிப் போய் நிற்கும். நாங்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிப் போய்ச் சேருவதற்குள் கிளம்பிவிடும். ஓசியில் வருகிறவர்கள் கொஞ்சம் ஓடட்டும் என்று நினைப்பு.

இதற்கு நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்தோம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நிறுத்தத்துக்கு எதிரே டீக்கடை பாய். வண்டி திருப்பத்தில் தெரிந்ததும், "பாய், கொஞ்சம் கை காட்டுங்க" என்போம். அவர் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்து ரோட்டில் நின்று கையை நீட்டுவார். வண்டி நிற்கும். நாங்கள் ஏறிக்கொள்வோம். அவர் திரும்பிக் கடைக்குள் போய்விடுவார்.

"நான் எங்கயும் போவல, எனக்கு நிக்கிது. காலேஜ் போற புள்ளைக்கி நிக்கல. இன்னா பேஜாரு வண்டிம்மா இது" என்பார். நாங்கள் சிரிப்போம். இப்போது நினைத்தால், ஏன் சிரித்தோம் என்று இருக்கிறது.

அன்றைக்குப் பாய் கடை மூடியிருந்தது. காஞ்சிபுரத்தில் அவர் தங்கை மகளுக்குக் கல்யாணம். மகளுக்குப் பரீட்சை. நான் பையைப் பிடித்துக்கொண்டு கூடப் போயிருந்தேன். ஏழரை வண்டி எங்களைத் தாண்டி, வழக்கம்போலத் தள்ளிப் போய் நின்றது.

"ஓடு, ஓடு, புடி" என்று நான்தான் கத்தினேன்.

ஓடினாள். கம்பியைப் பிடித்து ஒரு காலைப் படியில் வைத்தாள். இரட்டை விசில். வண்டி நகர்ந்தது. கை நழுவியதைப் பார்த்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது வண்டி போய்க்கொண்டிருந்தது. பின்னாலேயே ஓடினேன். "யோவ், நாங்கல்லாம் மனுசங்களா தெர்லியாய்யா?" என்று என் வாயிலிருந்து வந்தது. அது என் வார்த்தை இல்லை. எங்கேயோ கேட்டது. மகளை ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு போகும்போது, எங்கே என்று ஞாபகம் வந்தது.

எங்கள் ஊருக்கு முந்தைய நிறுத்தம் காலனி. பள்ளிவிட்டு வரும்போது, அந்த நிறுத்தத்தில் வண்டி பல நாள் நிற்காது. ஒருநாள் கையில் குழந்தையோடு ஒரு அம்மாள் கொஞ்ச தூரம் ஓடி வந்து இதையேதான் கத்தினார். "அதுங்க அடுத்த வண்டில வரும்" என்று விசிலை ஊதியவர் வேறு யாருமில்லை, என் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்த அதே கண்ணாடிக்காரர். வண்டிக்குள் நாலு பேர் சிரித்தார்கள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து நெல்லிக்காய் தின்றுகொண்டிருந்தேன். எனக்கு ஒரு கோபமும் வரவில்லை.

இப்போது வருகிற கோபத்தில் பாதி அந்த ஜன்னலோரத்துப் பெண்ணின் மேல்.

தையல் போட்டு, மகளைக் கொண்டுவந்து படுக்க வைத்துவிட்டு அன்றைக்கு நான் செய்த காரியத்தைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். காலை பத்து மணிக்கு நிறுத்தத்தில் போய் நின்றேன். வண்டி காஞ்சிபுரத்திலிருந்து திரும்பி வரும் நேரம். செருப்பைக் கொடுப்பார்கள் என்று நின்றேன். என்ன ஆயிற்று அந்தப் பெண்ணுக்கு என்று கேட்பார்கள் என்று நின்றேன். வண்டி வந்தது. கையை நீட்டினேன். வேகத்தைக் கூடக் குறைக்கவில்லை. என் புடவைத் தலைப்பு பறந்து முகத்தை மூடியது.

"காலேஜும் வேணாம் ஒண்ணும் வேணாம், வூட்லயே இருந்து தபால்ல படிக்கட்டும்" என்று அவள் பெரியப்பா வந்து சொல்லிவிட்டுப் போனார். வண்டி செய்த தப்புக்கு இவள் வீட்டில் உட்கார வேண்டுமாம். அவரிடம் கத்தினேன். கத்திவிட்டுச் சமையலறையில் போய் யோசித்தால், எனக்கும் அதே பயம்தான். அவள் என்ன நினைக்கிறாள் என்று கேட்கத் தைரியம் இல்லை. ராத்திரிச் சாப்பாட்டின்போது அவளே சொன்னாள்: "மா, திங்கக்கெழம போறேன். நீ மட்டும் ஓடுன்னு சொல்லாத."

இன்று திங்கட்கிழமை. அவள் பழைய ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டாள். நான் இடது கால் செருப்பை மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டேன். ஒன்பது நாளாக மனப்பாடம் செய்த வார்த்தைகளும் தயாராக இருந்தன. கண்டக்டர் மூஞ்சியில் செருப்பைக் காட்டி, இதுக்கு ஜோடி எங்க என்று கேட்க வேண்டும். டிரைவரை இறங்கி வந்து தையலைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

பாய் எங்களைப் பார்த்ததும் கடையிலிருந்து இறங்கி வந்தார். "அன்னிக்கி நான் கடைய மூடியிருக்கக் கூடாதும்மா" என்றார். அவர் ஏன் வருத்தப்பட வேண்டும் என்று அதற்கும் கோபம் வந்தது. வண்டி திருப்பத்தில் தெரிந்தது. கையை நீட்டினார். கோடு போட்டது மாதிரி எங்கள் முன்னால் நின்றது.

டிரைவர் வேறு ஆள். கண்டக்டரும் வேறு, சின்ன வயசு. "கால்ல அடியா? பாத்து ஏறும்மா" என்று ஒதுங்கி வழி விட்டார்.

"போன வாரம் இந்த வண்டில வந்தது யாருப்பா?" என்றேன்.

"தெர்லக்கா. டெய்லி டூட்டி மாறிக்கினே கீது."

"ஒரு செருப்பு..."

"இன்னா செருப்பு?"

நான் மஞ்சள் பையைத் திறப்பதற்குள் விசில். மகள் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தபடியே போனாள்.

காலனி அம்மாளுக்காவது திட்டுவதற்கு ஒரு முகம் இருந்தது. மறுநாளும் அதே கண்ணாடிதான் வந்திருக்கும். எனக்கு அதுவும் இல்லை. இவ்வளவு பெரிய வண்டியில் என் கோபத்தை வாங்கிக்கொள்ள ஒரு ஆள் இல்லை.

வண்டி போன பிறகுதான் பாய் கையை இறக்கினார். மஞ்சள் பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தவள், பாதியில் திரும்பி வந்தேன். அவர் பாலை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கிக் கட உண்டுங்களா பாய்?" என்று கேட்டேன். இத்தனை நாள் கோபத்தில் வாய்விட்டுக் கேட்க முடிந்தது அது ஒன்றுதான்.