பூட்டு அத்தானும் மூன்றாம் பதிப்பும்

அக்காவின் வீட்டுக்காரரை நான் அத்தான் என்பேன். ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவில் எல்லோரும் அவரைப் பூட்டு என்பார்கள். இலவசமாகக் கிடைக்கும் எத்தனையோ மென்பொருள்களை ஒட்டுப்போட்டுத்தான் எங்கள் பிரிவு ஓடுகிறது. ஒவ்வொன்றும் இன்ன பதிப்புதான், ஒரு புள்ளிகூட மேலே நகரக் கூடாது என்று பிரிவின் தலைவரான அத்தான் பூட்டிவைத்திருந்தார். புதுப் பதிப்பு என்று யாராவது வாயைத் திறந்தால் போதும்.

"ஓடுறதை ஏன் தொடுறீங்க? கை சும்மா இருக்காதா?" என்று பாய்வார்.

அவருக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்த எனக்கும் முதல் நாளே இந்த உபதேசம் கிடைத்தது. கொழுந்தியாள் என்ற சலுகையெல்லாம் கிடையாது.

ரத்தப் பரிசோதனைக்கு ஒரு புது இயந்திரம் வந்தது. அன்றைக்குப் பிடித்தது சனி. தேதிகளைக் கையாள, மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் சின்ன நிரல் தொகுப்பு ஒன்று உண்டு; லைப்ரரி என்பார்கள். யாரோ ஒரு புண்ணியவான் எழுதி ஊருக்கே இலவசமாகக் கொடுத்தது. இயந்திரத்தின் மென்பொருளுக்கு அதன் மூன்றாம் பதிப்பு வேண்டும். ரிப்போர்ட் அச்சடிக்கும், இனித் திருத்தவே வழியில்லாத எங்கள் பழைய நிரலுக்கோ இரண்டாம் பதிப்புதான் ஆகும். காரணம் அற்பம். மூன்றாம் பதிப்பில் அந்தப் புண்ணியவான் ஒரு கட்டளையின் பெயரை அழகுபடுத்துகிறேன் என்று மாற்றி, பழைய பெயரைத் தூக்கி எறிந்திருந்தார்.

இரண்டையும் சேர்த்து ஓட்ட முடியாமல் ரிப்போர்ட்டுகளைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். நோயாளிகள் ஜன்னலில் நின்று சண்டை போட்டார்கள். இதைச் சரிசெய்தால்தான் என் வேலை நிரந்தரமாகும் என்று ஆஸ்பத்திரி மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார்.

பழைய பெயரும் ஒரு ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்று லைப்ரரியின் இணையப் பக்கத்தில் அந்த முகம் தெரியாத மனிதருக்குக் கெஞ்சி எழுதினேன். 'பழையதைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்களுக்காக நான் எழுதுவதில்லை. புதியதற்கு மாறுங்கள்' என்று பதில் வந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அத்தானிடம் வாசித்துக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவரு சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்குல்ல?"

பூட்டு இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பாடு. ஏதோ படம் அனுப்பச் சொல்லி அக்கா அத்தானின் மடிக்கணினியைக் கொடுத்தாள். திறந்தால், என் கெஞ்சலும் அந்தத் திமிர்ப் பதிலும். பதிலுக்குக் கீழே 'திருத்து' என்றொரு பொத்தான். எழுதியவர் கண்ணுக்கு மட்டுமே தெரியும் பொத்தான் அது. ஆபீசில் தொடாதே என்ற வாயும், ஊருக்கெல்லாம் மாறு என்ற வாயும் ஒன்றுதான்!

நேராகக் கேட்கலாம் என்றால் அவர் எனக்கு மேலதிகாரி. சும்மா விடவும் மனசு வரவில்லை. சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தேன்.

"அக்கா, ஒருத்தன் பேரை மாத்தித் தொலைச்சதால என் வேலையே போகப்போகுது. கெஞ்சினா திமிரா பதில் எழுதுறான்."

"எவன்டி அவன்? அவனைக் கட்டிக்கிட்டவ என்ன பாவம் பண்ணாளோ!"

அத்தானுக்குப் புரையேறியது. அக்காதான் அவர் தலையில் தட்டிக்கொண்டே, "யாரோ உங்களை நினைக்கிறாங்க" என்றாள்.

திங்கள்கிழமை காலை அந்த லைப்ரரியின் இன்னொரு பதிப்பு வெளியாகியிருந்தது. புதுப் பெயருக்குப் பக்கத்திலேயே பழைய பெயரும் இருந்தது. மதியத்துக்குள் இயந்திரமும் அச்சு நிரலும் சமாதானமாகிவிட்டன. முதல் ரிப்போர்ட் வெளியே வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அத்தான் என் மேசைக்கு வந்து நின்றார்.

"பார்த்தியா, நல்ல மனுஷன்தான். ஒரு நன்றி எழுதிப் போட்டுடு."

"எழுதிட்டேன் அத்தான். ஆனா அந்த ஆளை நம்பலாமா? நாளைக்கே திரும்பவும் அழகுபடுத்துறேன்னு கிளம்பிட்டா?"

அவர் என் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, அந்த லைப்ரரியின் புதுப் பதிப்புக்கும் ஒரு பூட்டுப் போட்டார்.