கஞ்சி போட்ட தலையணை

மொபைல் போன் வந்த புதிதில், ஆலுவாவில் இருக்கும் என் ஓரகத்தி மாமியாருக்கு ஒரு தலையணை வாங்கி வந்தாள். கொழுந்தனின் மனைவி; எப்போதாவது மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறவள். தலையணைக்குள் பஞ்சு கிடையாது, கடுகைவிடச் சின்னத் தெர்மோகோல் மணிகள். தலை வைத்ததுமே கழுத்துவலி பறந்துவிட்டதாக மாமியார் தெருவெல்லாம் சொன்னார். அதே கழுத்துக்கு வருஷக்கணக்காகத் தைலம் தேய்த்தவள் நான். அதைத் தெருவில் யாரும் கேள்விப்பட்டதில்லை. அவளை 'மோளே', மகளே, என்பார். எனக்கு 'எடீ'தான்.

எண்ணெய்ப் பிசுக்கு ஏறியதும் துவைக்க எடுத்தேன். கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

"நீ முறுக்கிப் பிழிஞ்சிருவே. இது அவ வாங்கித் தந்ததாக்கும்."

துணி வெளுக்கும் குடும்பம் எங்களுடையது. துவைப்பதைப் பற்றி எனக்கே பாடமா? வயிறெரிய நின்று பார்த்தேன். சோப்புத் தண்ணீரில் அமிழ்த்தி, இரண்டு உள்ளங்கையாலும் அமுக்கி அமுக்கி, நுரை போகும்வரை அலசினார். என் பிள்ளைகளைக்கூட அத்தனை பதமாகக் குளிப்பாட்டியதில்லை.

அதோடு விட்டாரா? அடுப்பில் கஞ்சி வைத்தார். எங்கள் வீட்டில் மதிப்பான துணிக்கு மட்டும்தான் கஞ்சி போடுவது: திருவிழா வேட்டி, சாமிக்குச் சாத்தும் துணி. என் சேலை ஒன்றுக்கும் அந்த யோகம் வாய்த்ததில்லை. கஞ்சி உள்ளே போனால் மணியெல்லாம் ஒட்டிக்கொள்ளும் என்று சொன்னேன். எனக்கு அசூயை என்றார். உண்மைதான், ஆனால் மணி ஒட்டும் என்பதும் உண்மை. தலையணையை முழுசாகக் கஞ்சியில் முக்கினார்.

கர்க்கடக மாசத்து அடைமழை. வெயில் முகம் காட்டவில்லை. மின்விசிறிக்குக் கீழே கிடந்து புளித்தது, எறும்பு மொய்த்தது. காய்ந்தபோது கட்டைபோல் விறைத்து, உள்ளே உருண்டை உருண்டையாகக் கட்டிதட்டியிருந்தது. மாமியார் முகம் செத்துப்போனது. அன்று நான் இன்னொரு கரண்டி சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

அடுத்த தடவை ஓரகத்தி வரும் நாளில் மாமியார் என் பக்கத்தில் வந்து நின்று, நான்தான் துவைத்துக் கெடுத்தேன் என்று சொல்லிவிடச் சொன்னார். என்னிடம் அவர் அவ்வளவு தணிவாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அதற்கும் அவள்தான் காரணம் என்று நினைத்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் வந்ததும் தலையணையை எடுத்து நீட்டினேன். "அத்தைதான் கஞ்சியில முக்குனாங்க. நான் வேண்டான்னுதான் சொன்னேன்."

அவள் முகம் சுருங்கும், இனி இந்தப் பக்கம் வரமாட்டாள் என்று காத்திருந்தேன். அவளும் வெளுக்கிற வீட்டில் பிறந்தவள் என்பது அந்த நேரம் என் புத்தியில் ஏறவில்லை. விறைத்த தலையணையைத் தடவிப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"நான் தந்ததுக்கா அத்தே கஞ்சி போட்டீங்க?"

மாமியார் அவளை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டார். இரண்டு பேரும் அழுதார்கள். கொஞ்ச நேரம் கழித்து, பால் கூடுதலாக ஊற்றி அவளுக்கு ஒரு சாயா போட்டுக் கொண்டுவரச் சொல்லி என்னை உள்ளே அனுப்பினார்.