ஆட்டிப் பார்க்கிறவர்

எங்கள் தெரு ஆம்ப்ளிஃபயர் மெக்கானிக்குக் கண்ணால் பார்த்தால் போதாது, ஆட்டிப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். நாற்காலி, கதவுக் கொண்டி, கரண்டிக் காம்பு எதுவும் தப்பாது. "நல்லா இருக்கறதயும் ஆட்டி ஆட்டியே கழட்டிடுவீங்க" என்பாள் மனைவி. எதிர்க்கடையில் பூட்டு ரிப்பேர் செய்யும் எனக்கு இது தினசரி வேடிக்கை.

மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டரைப் புதிதாகப் பற்றவைத்ததும், இரண்டு விரலால் பிடித்து இப்படியும் அப்படியும் அசைப்பார். பிடித்து நின்றால் வேலை முடிந்தது. ஆனால் அவர் சரிசெய்த ஆம்ப்ளிஃபயர்கள் இரண்டு மாதத்தில் இரைச்சலோடு திரும்பி வந்தன. திறந்தால், புதிய கெப்பாசிட்டர்தான் செத்திருக்கும்.

அதை விற்றவர் மனைவியின் அண்ணன். மெக்கானிக் நேரே அவர் கடைக்குப் போய், நாலு பேர் முன்னால், "போலிச் சரக்க என் தலையில கட்டிட்டீங்களே மச்சான்!" என்று கத்திவிட்டு வந்தார். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றது. அண்ணன் கடையைத் தாண்டும்போது அவள் தலையைக் குனிந்துகொண்டு போவாள். எனக்கு மனுஷன்மேல் எரிச்சலாக வரும்.

பிறகு அவர் வலது கையில் சூடு பட்டது. கட்டுப் பிரிக்கும்வரை பற்றவைத்தது, பார்த்தே பழகியிருந்த மனைவிதான். அண்ணன் கடையில் வாங்கியதில் மிச்சமிருந்த சரக்குதான். அவள் ஆட்டிப் பார்க்கவில்லை. மூன்று மாதம் ஆகியும் அந்த ஆம்ப்ளிஃபயர்களில் ஒன்றுகூடத் திரும்பவில்லை.

சந்தேகம் வந்து, செத்த கெப்பாசிட்டர்களை அவர் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் கம்பி நுழையும் இடத்தை அடைத்திருக்கும் ரப்பர் விட்டுப்போய், உள்ளே இருந்த திரவம் கசிந்து காய்ந்திருந்தது. புதிது ஒன்றை எடுத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆட்டினார். அதன் ரப்பரும் விலகியது. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

மறுநாள் மச்சான் கடைக்குப் போனார். நானும் துணைக்குப் போனேன்.

"சரக்கு நல்லதுதான் மச்சான். தப்பு என் கையில" என்றார், அன்று கத்திய அதே இடத்தில் நின்று.

மச்சான் நிமிரவில்லை. "சரி மாப்ள. ஆனா இனிமே உங்ககிட்ட சாமான் தர மாட்டேன். தங்கச்சிய வரச் சொல்லுங்க."

அன்று மாலையே அவள் போய்ப் பொட்டலத்தோடு வந்தாள். கண் சிவந்திருந்தது. பொட்டலத்துக்கு அவர் கையை நீட்டினார். அவள் அதை மேஜையில் தன் பக்கமாக வைத்துக்கொண்டாள்.

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. சாப்பிட்டியான்னு கேட்டாரு."