மாமா காரில் குற்றாலம்

ஆனி மாதம் பிறந்தாலே மங்களேஸ்வரி டீச்சருக்கு இருப்புக் கொள்ளாது. மலைப்பக்கமிருந்து சாரல் வந்து வகுப்பு ஜன்னலை நனைக்கும். தெருவில் போகிற பஸ்ஸெல்லாம் குற்றாலத்துக்குத்தான் போகும். கோவில்பட்டிக் கரிசல் காட்டிலிருந்து தென்காசிக்கு வேலைக்கு வந்து மூன்று வருஷமாகியும் அவள் அருவியைப் பார்த்ததில்லை. கல்யாணமாகாதவள் துணையில்லாமல் போய் நனைந்து நின்றால் ஊர் வாய் சும்மா இருக்குமா? வேலையும் இன்னும் நிரந்தரமாகவில்லை. ஊரிலிருந்த அம்மாவுக்கும் அவளுக்கும் கஞ்சி ஊற்றுவது அந்த வேலைதான்.

ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு அவள் இங்கிலீஷ் நடத்தினாள். நடத்தினாள் என்பது சும்மா ஒரு பேச்சுக்கு. பாட்டு, கதை, லீவு லெட்டர், கட்டுரை எல்லாமே மனப்பாடம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதில் பாதிப் பள்ளிகளில் இதே கூத்துதான், அவளை மட்டும் குறை சொல்வானேன்! ‘குற்றாலத்துக்கு ஒரு பயணம்’ என்று ஒரு கட்டுரையை எங்கிருந்தோ பிடித்து போர்டில் எழுதிப்போட்டாள். வகுப்பே அதை ஒப்பித்தது. அத்தனை பெண்களும் ஒரே மாமாவின் காரில் போனார்கள், ஒரே பாறையில் உட்கார்ந்து ஒரே ஆரஞ்சை உரித்தார்கள். ஒருத்தி வீட்டிலும் கார் கிடையாது.

அந்த ஆடியில் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வந்தார். மங்களேஸ்வரியின் வேலை நிலைக்குமா என்பது அவர் எழுதப்போகும் குறிப்பில் இருந்தது. அவளுக்குக் காலையிலிருந்தே பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

நெசவுக்காரர் மகள் சைதூன் பீவி எழுந்து கட்டுரையைக் கடகடவென்று சொல்லி முடித்தாள். இன்ஸ்பெக்ட்ரஸுக்குச் சந்தோஷம். அருவி எப்படி இருந்தது, பயமாக இருந்ததா என்று இங்கிலீஷில் கேட்டார். அந்தப் பெண் விழித்தாள். தமிழில் கேட்டார்.

“நான் போவலம்மா. எங்க வீட்டுப் பொம்பளைய அருவிக்குப் போவ மாட்டாவ. டீச்சர் எழுதிப்போட்டாவ, படிச்சேன்.”

இன்ஸ்பெக்ட்ரஸ் திரும்பினார். “நீங்கள் சொல்லுங்கள் டீச்சர். அருவி எப்படி இருக்கும்?” என்று இங்கிலீஷில் கேட்டார்.

கட்டுரையின் முதல் வரி மங்களேஸ்வரியின் நாக்கு நுனியில் தயாராக வந்து நின்றது. சொன்னால் தப்பித்துவிடலாம். ஆனால் உள்ளதைச் சொல்லிவிட்டு நின்றுகொண்டிருந்த சைதூன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணை மட்டும் தனியாக விட அவளுக்கு மனம் வரவில்லை.

“நானும் பார்த்ததில்லை, மேடம்” என்றாள், தட்டுத்தடுமாறி, இங்கிலீஷில்.

இன்ஸ்பெக்ட்ரஸ் கோபப்படவில்லை. ஒரு வருஷம் போகட்டும், அதுவரை நிரந்தரமாக்க வேண்டாம் என்று எழுதிவிட்டுப் போனார்.

தலைமையாசிரியை முத்துவடிவு தலையில் அடித்துக்கொண்டார். “ஏம்மா, ஒனக்குக் கூறு இருக்கா? அந்தக் கட்டுரையில நாலு வரி சொல்லித் தொலைச்சா என்ன? எவ்வளவு நல்ல இங்கிலீஷு அது!”

ஊரிலிருக்கும் அம்மாவுக்கு இதை எப்படி எழுதுவது என்று மங்களேஸ்வரிக்குக் கவலையாக இருந்தது. அழுகையும் வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“மூணு வருஷமா இங்கிலீஷ் நடத்துதேன், டீச்சர்” என்றாள். “நானாப் பேசினது இன்னைக்கு ஒண்ணுதான்.”